காய்ச்சல் என்று எழுதிய சீட்டு

சில்லறைக் கங்காணி தம்முடைய கறுப்புக் கோட்டை மடித்து என் மருந்து மேசைமேல் வைத்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. "உங்களுக்கு அளவா இருக்கும், வச்சுக்கங்க ஐயா" என்றார். ஸ்பிரிங்வெளித் தோட்டத்தில் மருந்து கொடுக்கும் வேலைக்கு நான் வந்து அப்போது நான்கு வருஷம். தேயிலைக் கொழுந்து பறிக்கும் முப்பது ஆட்களுக்குப் பொறுப்பான அந்த மனிதர், விடியற்காலையில் பெயர் கூப்பிடும் பெரட்டுக் களத்துக்குக் கோட்டில்லாமல் வந்து நான் பார்த்ததே இல்லை.

அந்த வருஷம் பரவிய விஷக்காய்ச்சல் அவர் மனைவியையும் மூத்த மகனையும் ஒரே வாரத்தில் கொண்டுபோயிருந்தது. மிஞ்சியவள் எட்டு வயது மகள். அதன்பின் அவர் மாறிக்கொண்டே வந்ததை, வரிசை வீடுகளான லயத்தில் எல்லோரும் பார்த்தார்கள். சோறு இறங்கவில்லை. ஆசையாய் வளர்த்த சேவலை அடுத்த காம்பரா அறையில் குடியிருந்தவருக்குக் கொடுத்தார். தலைவலி என்று என்னிடமே மூன்று தரம் வந்தார். மூன்று தரமும் நாடி பிடித்துப் பார்த்து, ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டேன். தமக்கு ஏதாவது ஆனால் மகளைப் பூனாகலையிலுள்ள தங்கையிடம் சேர்த்துவிடும்படி என் மனைவியிடம் சொல்லிவைத்தார். பிறகு திடீரென்று ஒரு வாரம் அமைதியானார். யாரையும் ஏசவில்லை, சிரித்துக்கூடப் பேசினார். கங்காணி தேறிவிட்டார் என்று எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கும்தான். அதை நினைத்தால் இன்றைக்கும் என்மேல் எனக்கே ஆத்திரமாக வருகிறது.

கோட்டைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. கதவைச் சாத்திவிட்டு அவரை உட்காரவைத்தேன்.

"கங்காணி, நேராவே கேக்குறேன். செத்துடலாம்னு நெனப்பு இருக்கா?"

தரையைப் பார்த்தபடியே, "ஆமாங்கய்யா" என்றார். "இத்தன நாளா யாருமே கேக்கலீங்க."

அவரைத் தனியே விடக்கூடாது என்பது மட்டும் எனக்குத் தெரிந்தது. அவருடைய ஆட்களில் இருவரைக் கூட இருக்கச் சொல்லிவிட்டு, அவருக்கு ஓய்வு கேட்டு மேலிடத்துக்கு ஓடினேன். அவருக்கு மேலான பெரிய கங்காணி சிரித்தார்; ஆம்பிளை இப்படிப் பேசுவானா, குடித்திருப்பான் என்றார். தோட்டத்தை நடத்தும் துரை, காய்ச்சல் இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றேன். அப்படியானால் வேலைக்குப் போகட்டும் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். பதுளையிலிருந்த டாக்டருக்குக் கடிதம் கொடுத்து ஆள் அனுப்பினேன். ஒரு போத்தல் சத்து மருந்து வந்தது. உள்ளதை உள்ளபடி சொல்லி எங்கும் பயனில்லை. கடைசியில் துரைக்கு அனுப்பும் சீட்டில் காய்ச்சல் என்று பொய் எழுதினேன். உடனே ஓய்வு கிடைத்தது.

மருந்துக் காம்பராவிலேயே அவரைப் படுக்கவைத்தோம். என் மனைவியும் அவருடைய ஆட்களும் முறைபோட்டுப் பக்கத்தில் இருந்தார்கள். நான் பண்டாரவளை வழியாகப் பூனாகலைக்குப் போய், மூன்றாம் நாள் தங்கையைக் கூட்டிவந்தேன். அவள் வாசலில் நின்றபடியே, "அண்ணே, நான் ஒருத்தி இருக்கேன்ல. எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?" என்றாள். சாவு வீட்டில்கூட அழாத மனிதர் அன்றைக்கு அழுதார்.

தங்கை இரண்டு மாதம் தங்கினாள். உடனே எல்லாம் சரியாகிவிடவில்லை. அதற்குப் பிறகும் சில நாள் அவரே என் வாசலுக்கு வந்து, "இன்னிக்கு மனசு சரியில்லீங்க, கொஞ்சம் உக்காந்திருக்கவா?" என்று கேட்பார். உட்கார்ந்திருப்போம். பல வருஷம் கழித்து மகளைக் கட்டிக்கொடுத்து, பேரப்பிள்ளையையும் தூக்கிக் கொஞ்சினார்.

போன வாரம் பதுளைக் கடைத்தெருவில், பக்கத்துத் தோட்டத்துக்குப் புதிதாக வந்திருக்கும் மருந்துக்காரரைச் சந்தித்தேன். பிள்ளையைப் பறிகொடுத்த ஒருத்தி அடிக்கடி தலைவலி என்று வந்து நிற்பதாகவும், வேலைக்கள்ளி என்றும் சொன்னார். இருந்து என்ன பயன் என்று வேறு புலம்புகிறாளாம். சாகிற எண்ணம் இருக்கிறதா என்று கேட்டீர்களா என்றேன்.

"அதெப்படிங்க கேக்குறது? கேட்டா இல்லாத நெனப்பும் வந்துடுமே."

எத்தனை சொல்லியும் அவர் ஒத்துக்கொள்ளவில்லை. மறுநாள் காலையில் எனக்கு லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, அவளைப் பார்க்கப் பக்கத்துத் தோட்டத்துக்கு நானே நடந்தேன்.