மருந்து உள்ளே இருக்கும் மட்டும்

ஆரோக்கியம் அக்காவைப் பற்றிக் கேட்டால் ஊரில் எல்லோரும் அவர் பார்த்த பிரசவங்களைத்தான் சொல்வார்கள். நான் அவரோடு பதினோரு வருஷம் வேலை பார்த்தவன். எனக்கு முதலில் ஞாபகம் வருவது ஒரு கடைவாய்ப் பல். அது அவருடைய பல்லும் இல்லை.

எங்கள் ஆஸ்பத்திரி எம். புதுப்பட்டிக்குப் பக்கத்தில் இருந்தது. ஓடு வேய்ந்த மூன்று அறை. அக்கா நர்ஸ், நான் கம்பவுண்டர். பல் டாக்டர் ஜேசுதாசன் மாதத்தின் முதல் சனிக்கிழமை மதுரையிலிருந்து பஸ்ஸில் வருவார்.

அக்காவிடம் ஒரு தொழில் சூட்சுமம் இருந்தது. பத்தியம். இந்தப் பக்கத்து ஜனங்களுக்குப் பத்தியம் சொல்லாமல் மருந்து கொடுத்தால் அது அவர்களுக்கு மருந்தாகவே படாது. வாங்கிப் போய் கூரை இடுக்கில் செருகிவிட்டு மறந்துவிடுவார்கள். அதே மாத்திரையைக் கொடுத்து, "கத்தரிக்கா ஆகாது, கருவாட்டு வாடைகூட அண்டக் கூடாது" என்று சொன்னால் வேளை தவறாமல் விழுங்குவார்கள். இதை அக்கா எந்த நர்ஸ் படிப்பிலும் படிக்கவில்லை, பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டார். பூச்சி மருந்துக்கு ஒரு பத்தியம், இருமல் மருந்துக்கு ஒரு பத்தியம், காதுக்கு விடும் சொட்டு மருந்துக்குக்கூட ஒரு பத்தியம். எல்லாம் அவர் வாயில் அந்த நேரத்துக்கு வருவதுதான். "எம்புட்டு நாளைக்கும்மா?" என்று கேட்பார்கள். எல்லோருக்கும் ஒரே பதில்: "மருந்து உள்ள இருக்கிற மட்டும்."

மருந்து அறைக்குள் உட்கார்ந்து இதைக் கேட்டு நான் சிரித்துக்கொண்டிருப்பேன். என்னைப் போல ஒரு மடையன் உண்டா? ஒரு நாளாவது ஏன் அக்கா இப்படி என்று கேட்டிருக்கலாம்.

அறுபத்தொன்றாம் வருஷம், தீபாவளி சீசன் முடிந்து கம்பெனிகளில் வேலை மட்டுப்பட்டிருந்த சமயம், ராமுத்தாய் என்று ஒரு பெண் வந்தாள். முப்பது வயசிருக்கும். வெடிக் கம்பெனியில் காகிதக் குழாய் சுற்றுகிறவள். கடைவாய்ப் பல்லில் ஓட்டை. டாக்டர் காலால் மிதிக்கிற மெஷினை வைத்துப் பல்லைக் குடைந்தார். நான் சின்னக் கண்ணாடிக் கல்வத்தில் வெள்ளித்தூளும் பாதரசமும் போட்டு அரைத்தேன். பிறகு துணியில் வைத்துப் பிழிந்து மிச்ச ரசத்தை எடுத்தேன். வாயைத் திறந்தபடியே அவள் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எழுந்ததும் அக்காவிடம், "ரசத்தையா வச்சிருக்கீக?" என்று கேட்டாள். அவள் மாமனார் பெத்தணன் தோல் வியாதிக்கு நாட்டு வைத்தியரிடம் ரச மருந்து தின்றவராம். கல்வத்தில் போட்டு இப்படித்தான் அரைத்தார்களாம். "அதுக்குப் பெரிய பத்தியமாச்சே. புளி ஆகாதேம்மா?"

வெளியே இருபது பேர் காத்திருந்தார்கள். அக்காவுக்கு யோசிக்க ஒன்றுமில்லை. பத்தியத்தை அவளே எடுத்துக் கொடுத்துவிட்டாள்.

"ஆமா தாயி. புளிப்பு வாயில படக் கூடாது."

"எம்புட்டு நாளைக்கு?"

"மருந்து உள்ள இருக்கிற மட்டும்."

ராமுத்தாய் தலையாட்டிவிட்டுப் போனாள். அரைத்து வைத்த ரசம் எங்கே வெளியே போகப்போகிறது? அவள் சாகிற வரைக்கும் அது பல்லில் இருக்கும். அக்காவும் அதை நினைக்கவில்லை, நானும் நினைக்கவில்லை. அவள் நினைத்தாள்.

ஐந்து மாதம் கழித்து வந்தபோது எங்களுக்கு அவளை அடையாளமே தெரியவில்லை. முகம் வெளுத்து, ஈறெல்லாம் பஞ்சாக வீங்கி, பேசும்போதே உதட்டில் ரத்தம் கசிந்தது. முழங்காலில் தகரம் கிழித்த காயம் ஒன்றரை மாதமாக ஆறவில்லை. நடக்க முடியாமல் கம்பெனிக்கும் போகவில்லை. "ரசம் உடம்பெல்லாம் எறங்கிருச்சு டாக்டரு, இந்தப் பல்லைப் பிடுங்கிருங்க" என்றாள்.

டாக்டர் ஈறை அமுக்கிப் பார்த்தார். அடைத்த பல்லைத் தட்டிப் பார்த்தார். அது திடமாக இருந்தது. பிறகு, "தினம் என்ன சாப்பிடுறே?" என்று கேட்டார்.

"சோளச்சோறு, துவரம்பருப்பு, வறுத்த உப்பு."

"கீரை? காய்? எலுமிச்சை?"

"அதெல்லாம் ரசத்துக்கு ஆகாதுல்ல? வெங்காயம் பச்சமொளகாகூடத் தொடுறதில்ல. மாமனாரு இருந்த மாதிரியே இருக்கேன்."

டாக்டர் கையைக் கழுவிக்கொண்டே சொன்னார். இது ரசத்தின் வேலை இல்லை, வைட்டமின் சி இல்லாத குறை. பல்லில் இறுகிப்போனது வேறு, தின்கிற ரச மருந்து வேறு. வைட்டமின் சி மாத்திரை தருவோம், அதைச் சப்பாமல் தண்ணீர் விட்டு விழுங்கினால் அடைத்த பல்லுக்கு ஒன்றும் ஆகாது. காயும் கீரையும் பழமும் சாப்பிட வேண்டும். இப்படியே விட்டால் பற்கள் ஆடி விழும், உயிருக்கே ஆபத்து.

மாத்திரையை நான்தான் கொண்டுவந்தேன். அவள் நாக்கில் வைத்த மறுகணம் துப்பிவிட்டாள்.

"புளிக்குது! அம்மா, நீங்கதான புளிப்பு ஆகாதுன்னீக?"

அக்கா முகத்தில் ஈயாடவில்லை. நான் அவர் காதருகே போய், "இன்னையோட பத்தியம் முடிஞ்சுதுன்னு சொல்லிருங்கக்கா, தீர்ந்துச்சு" என்றேன். எனக்கு அப்போது அதுதான் கெட்டிக்காரத்தனமாகப் பட்டது. அவரும் அப்படியே சொன்னார்.

ராமுத்தாய் விடவில்லை. "மருந்து உள்ள இருக்கையில எப்படிம்மா முடியும்? மொதல்ல பல்லைப் பிடுங்கட்டும். பெறகு திங்கிறேன்."

வீங்கிய ஈறில் அன்று பல்லைப் பிடுங்கினால் ரத்தத்தை நிறுத்துவது கஷ்டம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவளோ மாத்திரையைத் தொட மாட்டேன் என்கிறாள். அக்கா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தார். வாசல் வரை ஆட்கள். அவர் கொடுத்த பத்தியத்தை நம்பி மருந்து சாப்பிடுகிறவர்கள் அத்தனை பேரும். அவர்கள் காதுபடத்தான் சொன்னார்.

"அது பொய் தாயி. அப்படி ஒரு பத்தியமே கெடையாது. நான் வாய்க்கு வந்ததச் சொன்னேன்."

அக்கா என்றைக்கும் அப்படி நின்று நான் பார்த்ததில்லை.

ராமுத்தாய் நம்பினாளா என்று தெரியவில்லை. ரத்தக் கறை படிந்த முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு, "உங்க வாயில ரசம் இருக்கா?" என்று மட்டும் கேட்டாள்.

அக்கா நாற்காலியில் உட்கார்ந்து வாயைத் திறந்தார். வலப்பக்கம் இரண்டு பல் அடைத்திருந்தது. இதே டாக்டர், இதே கல்வம், நான் அரைத்ததுதான்.

"எத்தன வருசமா?"

"நாலு வருசமா."

"புளி திங்கிறீகளா?"

"தெனமும்."

"எம் பிள்ளைகளுக்குப் புளிக்கொழம்பு வச்சுக் குடுத்துட்டு, நான் மூஞ்சியத் திருப்பிக்கிட்டு உக்காந்திருப்பேன்" என்றாள் ராமுத்தாய். பிறகு கையை நீட்டி மாத்திரையை வாங்கி, தண்ணீர் விட்டு விழுங்கினாள்.

அன்றைக்குப் பிறகு ஆஸ்பத்திரிக்குக் கூட்டம் குறைந்தது. வந்தவர்களிலும் பாதிப்பேர், "இது நெசமான பத்தியமா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார்கள். அக்கா பத்தியம் சொல்வதை விட்டுவிட்டு, எந்த மருந்து, என்றைக்கு நிறுத்த வேண்டும் என்று சீட்டில் எழுதிக் கொடுக்க ஆரம்பித்தார். படிக்கத் தெரியாதவர்களுக்கு, வாசலில் உட்காரவைத்து அவர்களையே திருப்பிச் சொல்லச் சொல்வார். மாத்திரைகள் சில வீடுகளில் மறுபடி கூரை இடுக்குக்குப் போயின. அக்காவுக்கு அது தெரியும். சாயங்காலம் அந்த வீடுகளுக்கு நடந்தே போய் எடுத்துக் கொடுத்துவிட்டு வருவார்.

ஆடிக் கடைசி வெள்ளிக்கு ராமுத்தாய் இருக்கன்குடிக் கோயிலுக்கு நடந்தே போய்விட்டு வந்தாள். காலில் தழும்பு மட்டும்தான் மிச்சம். அடுத்த முதல் சனிக்கிழமை இன்னொரு பல்லுக்காக வந்தவள், வாழையிலைப் பொட்டலம் ஒன்றை அக்கா கையில் கொடுத்தாள்.

"புளிச்சோறு. சாப்பிடுங்கம்மா."

டாக்டர் பல்லைக் குடைந்தார், நான் அரைத்தேன், பல்லை அடைத்தாயிற்று. அக்கா வழக்கம்போலக் கிட்டே போய், "ஒரு நாளைக்கு அந்தப் பக்கம் மெல்லாம..." என்று ஆரம்பித்தார்.

ராமுத்தாய் கையை உயர்த்தினாள். கோபமில்லை, மரியாதையாகத்தான் சொன்னாள்.

"நீங்க சொல்லாதீகம்மா. டாக்டரு சொல்லட்டும்."

அக்கா, "சரி தாயி" என்று சொல்லிவிட்டு, டாக்டர் சொல்லி முடிக்கும் வரை எச்சில் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றார்.