இரண்டு பேர் அடித்த தா

என் அண்ணன் கணபதி, கண்டி குட்ஷெட் பஸ் நிலையத்தில் இருபத்திரண்டு வருடம் திரீவீல் ஓட்டியவர். மடுல்கெல்லையில் பிறந்த நாங்கள் இருவரும் குண்டசாலையில் ஒரே வீட்டில் இருந்தோம். வெள்ளிக்கிழமை மாலையில் யார் கூப்பிட்டாலும் அவர் வண்டியை எடுத்து ஹயர் போகமாட்டார். கோயில் பஜனைக்குத் தபேலா வாசிப்பவர் அவர்தான்.

சென்ற வருடம் மாசியில் அவருக்குப் பாரிசவாதம் வந்தது. உயிர் தப்பியது, வலது கை மட்டும் திரும்பவில்லை. திரீவீலை விற்றபோது இடது கையால் அவரே சாவியை எடுத்துக் கொடுத்தார். தபேலாவைத் துணியில் சுற்றி அலுமாரிக்கு மேல் வைத்தபோதுதான் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அதன்பின் பஜனையில் பின்வரிசைக் கதிரையில் உட்கார்ந்து கேட்டார். ஆர்மோனியம் வாசிக்கும் பொன்னையா, போனை ஒலிபெருக்கியில் இணைத்துத் தபேலாச் சத்தம் ஓடவிட்டார். பாடுகிற ரத்தினம்மாக்கா மூச்சு வாங்க நின்றால் போன் நிற்காது. ஒருநாள் பாட்டின் நடுவே அழைப்பு வந்தது. பொன்னையா பதறி எதையோ அழுத்த, “மாமா, வரும்போது பாண் வாங்கிட்டு வாங்க” என்று அவர் மருமகளின் குரல் கோயில் முழுவதும் கேட்டது. அண்ணன் கண்ணில் நீர் வரச் சிரித்தார். பல மாதங்களுக்குப் பிறகு வந்த சிரிப்பு.

வீட்டுக்கு வந்ததும், “புள்ள, அந்த மூட்டைய எறக்கு” என்றார்.

தபேலா என்றால் இரண்டு. இடது கைக்கு வயிறு பெருத்த உலோகத் தபேலா. அண்ணன் அதை டக்கா என்பார். மணிக்கட்டைத் தோலில் ஊன்றி விரல் நுனியால் அடித்தால் ‘கே’ என்று உறுமும். வலது கைக்கு மரத்தாலானது, சிறியது. மோதிர விரலைக் கறுப்பு வட்டத்தின் ஓரத்தில் லேசாக வைத்து, ஆள்காட்டி விரலால் விளிம்பைத் தட்டினால் ‘நா’. இரண்டும் ஒன்றாக விழுந்தால்தான் ‘தா’.

“பாதி என்கிட்ட இருக்கு. மத்தப் பாதிய நீ அடி.”

“எனக்கென்னண்ணே தெரியும்? நான் கணக்கு டீச்சர்.”

“பதினாறு வரைக்கும் எண்ணுவல்ல? போதும்.”

எனக்கு அப்போது நாற்பத்தொன்பது வயது. ஒரு மாதம் நான் தட்டியதெல்லாம் பலகைச் சத்தம்.

“மோதிர வெரல இப்பிடி அமுக்குனா அது எப்பிடிப் பேசும்? கிளாஸ்ல புள்ளைங்க வாய அடைக்கிற மாதிரி அடைக்காத!”

தாளத்தின் ஒரு சுற்றுக்குப் பதினாறு தட்டு. அதில் எனக்குப் பயம் பத்தாவதில்தான். அங்கிருந்து நான்கு தட்டுக்கு டக்கா உறுமாது. வலது கை தனியே போகவேண்டும். ஒவ்வொரு முறையும் தடுமாறி அவர் முகத்தைப் பார்ப்பேன். பதினான்காவதில் அவர் உறுமலோடு வந்து சேர்ந்துகொள்வார்.

மார்கழியில் திருவெம்பாவைப் பஜனைக்கு விடியற்காலையில் போனோம். குளிரில் தோல் தளர்ந்து சுருதி இறங்கியிருந்தது. நான் அதைக் கோயில் அடுப்பருகே கொண்டுபோக, “வெடிச்சிரும், கொண்டா இங்க!” என்று கத்தினார். நான் தபேலாவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்ப, அவர் இடது கையால் சின்னச் சுத்தியலைப் பிடித்து விளிம்பைச் சுற்றித் தட்டிச் சுருதி ஏற்றினார். பொன்னையா போனை அணைத்துச் சட்டைப்பைக்குள் போட்டார். அதற்காக இன்றும் அவருக்கு நன்றியோடிருக்கிறேன்.

அண்ணனும் நானும் தோளோடு தோள் உட்கார்ந்தோம். முதல் ‘தா’ ஒன்றாக விழுந்தது. ரத்தினம்மாக்கா பாடிக்கொண்டே திரும்பிப் பார்த்தார். அவர் மூச்சு வாங்கிய இடத்தில் அண்ணன் நின்றார், நானும் நின்றேன்.

அப்படிப் பத்து மாதம் கிடைத்தது. ஒரு வெள்ளிக்கிழமைகூடத் தவறவில்லை. இந்த ஐப்பசியில் தூக்கத்திலேயே போய்விட்டார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு பொன்னையா வீட்டுக்கு வந்தார். “டீச்சர், வெள்ளிக்கெழம போனப் போட்டுக்கவா?” என்று தயங்கித் தயங்கிக் கேட்டார்.

“வேணாம். நான் வாறேன்.”

இன்று மாலை இரண்டையும் முன்னால் வைத்து உட்கார்ந்தேன். டக்காவின் தோலில் ஓரிடம் பளபளவென்று தேய்ந்திருக்கிறது, அண்ணன் மணிக்கட்டு ஊன்றிய இடம். இடது கையை அவர் எனக்குக் கற்றுத்தரவே இல்லை. பத்து மாதம் பக்கத்தில் இருந்து பார்த்ததுதான். முதல் ஒன்பது தட்டில் டக்கா பலகைச் சத்தம்தான் போட்டது. பத்தாவது தட்டு வந்தது. தனியாகப் போனேன், தடுமாறவில்லை. பதினான்காவதில் வழக்கம்போல அவர் பக்கம் திரும்பினேன். அதற்குள் என் மணிக்கட்டு அந்தத் தேய்ந்த இடத்தில் ஊன்றியிருந்தது. டக்கா உறுமியது.