கை எட்டாத ஹேண்டில்பார்

யூடியூபில் பார்த்துப் பார்த்து ஆசைப்பட்டு, என் பழைய மவுண்டன் பைக்குக்கு, ஓட்டுபவர் பக்கமாக வளைந்த புது ஹேண்டில்பாரும், அதை வண்டியோடு பிடித்துக்கொள்ளும் குட்டை ஸ்டெம்மும் வாங்கி வந்தேன். பழசைக் கழற்றும்போது, கம்பியின் நடுவில் சுற்றியிருந்த ரோஸ் நிற பனியன் துணி கையில் பிசுபிசுத்தது. கிரீஸ் வாடைக்குள் இன்னும் கொஞ்சம் சாய வாடை இருந்தது.

அக்கா சுற்றியது. நாங்கள் சின்ன வயதில் இருந்த மண்ணரை வீட்டில் அப்போது பனியன் கம்பெனி கட்டிங் வேஸ்ட் துணி மூட்டை மூட்டையாகக் கிடக்கும். இந்த சைக்கிள் முதலில் அவளுக்குத்தான் வந்தது. ஓரத்துப் பிடிகள் எட்டாததால் நடுவில் துணி சுற்றிப் பிடித்து ஓட்டினாள். பிரேக்கோ ஓரத்தில் இருந்தது. ஒருநாள் கம்பெனி வேன் எதிரே வர, பிரேக் பிடிக்க முடியாமல் விழுந்தாள்.

"கை எட்டாத புள்ளைக்கு எதுக்கு சைக்கிளு? தம்பி ஓட்டட்டும்" என்றார் அப்பா.

"நான் இன்னும் வளருவேனுங்கப்பா" என்றாள் அக்கா.

அவ்வளவாக வளரவில்லை. பள்ளிக்கூடத்துக்கு அவள் நடந்தாள். நான் மணியடித்துக்கொண்டே அவளைத் தாண்டிப் போனேன்.

புதுசை மாட்டி உட்கார்ந்தேன். ஹேண்டில்பார் நெஞ்சருகே வந்துவிட்டது. காங்கேயத்தில் வாழும் அக்காவுக்கு வீடியோ காலில் ஸ்டெம்மைக் காட்டினேன்.

"இதை மாத்துனா யாருக்கும் எட்டும்க்கா. அப்பவே மாத்தியிருக்கலாம்."

அந்தச் சின்ன அலுமினியத் துண்டையே அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்போ என்ற கையில குறை ஒண்ணுமில்லையா கண்ணு?"