ஜன்னல் எட்டாத சர்ச்

நாங்கள் குடியேறிய பிளானோவில், மரக்கடையில் இன்று சீடார் மர வாசனை அடித்ததும், டோல்வே என்னும் சுங்கச் சாலைக்காக இடித்துவிட்ட, அதே மரத்தில் கட்டிய, சின்ன வயதில் போன அந்தப் புல்வெளி ஆங்கிலிக்கன் சர்ச்சுக்குள் மறுபடி மாட்டிக்கொண்டேன். பிரசங்க நேரத்தில் விவசாயிகள் வயலைப் பார்க்கக் கூடாதென்று, எந்தப் புத்தகத்திலும் பேர் வராத யாரோ ஒரு ஆர்க்கிடெக்ட் மகராசன் ஜன்னல்களை ஆள் உயரத்துக்கு மேலே வைத்துவிட்டுப் போயிருந்தார்; மதியத் தமிழ் ஆராதனையில் எனக்குக் கிடைத்ததெல்லாம் துண்டு வானமும் புல்லின் சலசலப்பும்தான்.

“சர்ச்சுக்குள்ள என்ன ஷூ? வெளியவே கழட்டு” என்பாள் அம்மா, திருநெல்வேலி வழக்கப்படி. வாசலைத் தாண்டினால் முள்புல், வெறுங்காலோடு ஓடவும் முடியாது.

ஒரு ஞாயிறு நீண்ட ஜெபத்தில் எல்லோரும் கண்மூடியிருக்க, அம்மாவின் கண்கள் மட்டும் கதவின் மேல் இருந்தன. குனிந்து பார்த்தேன். புடவைக்குள் அவள் செருப்பைக் கழற்றவேயில்லை.