கோட்டில் சொன்ன கற்பூரச் சத்தியம்

கேஸ் உடைஞ்சு போச்சு எண்டு ஆர் பிள்ளை உனக்குச் சொன்னது? கோயில்ல அந்த நீலச் சீலைக்காரியே? அவளுக்கு ஒரு கோதாரியும் தெரியாது. வேலிக்குக் கிட்ட வா, சொல்லுறன். என்ர பேத்தியின்ர பேரை மட்டும் வாயால எடுத்துப்போடாதை. வெளியில விடப்படாது எண்டு கோட்டே கட்டளை போட்டிருக்கு.

அவளைப் பலவந்தப்படுத்தினவன் அவளோட வேலை செய்தவன்தான். இந்த வீட்டில வந்திருந்து என்ர கையால சோறு திண்டவன். ஜூரி முழுப்பேரும் அவன் குற்றவாளி எண்டு சொன்னவை. முடிஞ்சுது எண்டு நான் அம்மனுக்குப் பொங்கினன். பார்த்தா, அவன் அப்பீல் போட்டிட்டான்.

எதைப் பிடிச்சுப் போட்டான் தெரியுமே? என்ர மருமகளின்ர வாயை. தாய்க்காரியும் ஒரு சாட்சி எல்லோ. சாட்சிக் கூட்டில ஏறி, "என்ர பிள்ளை சாமியறையில கற்பூரம் அணைச்சுச் சத்தியம் பண்ணினவள், பொய் சொல்லமாட்டாள்" எண்டு ஆரும் கேக்காமலே சொல்லிப்போட்டாள். நானெண்டாலும் அதைத்தான் சொல்லியிருப்பன். எங்கட ஆக்கள் அதுக்கு மேல என்ன கேப்பினம்? ஆனா இந்த நாட்டுச் சட்டத்தில அது சாட்சியம் இல்லையாம்; பிள்ளை சொல்லுறது மெய்யோ எண்டு ஜூரிதான் தீர்மானிக்கவேணுமாம். அதை மனசில வைக்காதேங்கோ எண்டு ஜட்ஜ் ஜூரிக்குச் சரியாச் சொல்லேல்லை, அதால முதல்ல இருந்து விசாரியுங்கோ எண்டு அவன்ர லோயர் கேட்டவன்.

முதல்ல இருந்து எண்டா விளங்குதே? அவள் திரும்பவும் அவனுக்கு முன்னால நிக்கவேணும். ஏன் கத்தேல்லை, ஏன் அடுத்தநாளும் வேலைக்குப் போனனீர் எண்டு கேப்பினம். போனமுறை கோட்டால வீட்ட வந்து, உடுத்த உடுப்போட பாத்ரூமுக்க குந்தியிருந்தவள். "ஐ கான்ற், அப்பம்மா. இன்னொருக்கா ஏலாது" எண்டாள். மருமகள் தன்ர வாயால வந்த வினை எண்டு கற்பூரப் பெட்டியைக் கொண்டுபோய் கராஜ்ஜுக்க ஒளிச்சு வைச்சிட்டாள்.

நேற்றுத்தான் தீர்ப்பு வந்தது. மகன் போனில வாசிக்கிறான். எனக்கு எழுத்துத் தெரியாது, அவன்ர முகத்தையே பார்த்துக்கொண்டு நிண்டன்.

"என்னடா, சொல்லன்!"

"பொறுங்கோ அம்மா, இன்னும் கிடக்கு."

அவன் திடீரெண்டு அழத் தொடங்கினான். சரி, எல்லாம் போச்சு எண்டு கதிரையில இருந்திட்டன். அது சந்தோச அழுகையடி! மருமகள் சொன்ன உடனையே முதல் விசாரிச்ச ஜட்ஜ் மறிச்சு, "இதைக் கணக்கில எடுக்காதேங்கோ, அந்தப் பிள்ளை சொன்னதை வைச்சு நீங்களே தீர்மானியுங்கோ" எண்டவராம். கடைசியிலயும் சொன்னவராம். அது காணும், திரும்ப விசாரிக்கத் தேவையில்லை எண்டு அப்பீல் கோட்டு மூண்டு ஜட்ஜ்மாரும் சொல்லிப்போட்டினம்.

ஆனா அவன் இன்னும் ஒட்டாவாப் பெரிய கோட்டில திரும்பவும் அப்பீல் போடப் பெர்மிசன் கேக்கலாமாம். அதை நினைச்சா வாய்விட்டுச் சிரிக்கவும் பயமாக்கிடக்கு. கற்பூரம் இன்னும் கராஜ்ஜுக்கதான்.

இண்டைக்கு விடிய பேத்தி வேலைக்குப் போகேக்க, சப்பாத்தைக் கொழுவிக்கொண்டு, "அப்பம்மா, பின்னேரம் புட்டு அவிக்கிறியளே?" எண்டு கேட்டாள். எவ்வளவு காலத்துக்குப் பிறகு அவள் வாய் திறந்து ஒண்டு கேட்டது!

ஐயோ, புட்டுப் பானையை அடுப்பில வைச்சிட்டெல்லோ வந்தனான்! தண்ணி வத்தப்போகுது, விடு பிள்ளை, விடு.