கார் யார் பெயரில்?

மலேசியாவின் கெடாவில் காலை பத்து மணிக்கு ஒரு கார்க் கடைக்குள் நுழைந்தால், முதல் கேள்வி காரைப் பற்றியதாக இருக்காது. "பசியாறிட்டீங்களா அக்கா?" என்றார் தினேஷ் என்ற விற்பனையாளர். அருப்புக்கோட்டையிலிருந்து மணமாகி இங்கே வந்த புதிதில், என் முகம் அவ்வளவு வாடியா கிடக்கிறது என்று கண்ணாடி பார்த்துக்கொள்வேன். காலைச் சாப்பாடு ஆயிற்றா என்பதைத்தான் இவர்கள் அப்படிக் கேட்கிறார்கள் என்று புரிய ஒரு மாதமானது. பதினோரு வருடம் கழித்தும், பசியாறிவிட்டேன் என்று சொல்லும்போது ஏதோ பஞ்சத்தில் பிழைத்து வந்தவளைப்போல இருக்கிறது.

எங்கள் வீடு திகாம் பத்துவில். சிடாம் கிரி பக்கம் ஒரு பாலர் பள்ளியில் நான் ஆசிரியை. தொழிற்சாலைக்குப் போகும் வழியில் கணவர் சேகர் மோட்டார் சைக்கிளில் இறக்கிவிடுவார். மழைக்காலத்தில் சொட்டச் சொட்ட நனைந்த சேலையோடுதான் பிள்ளைகளுக்கு அ, ஆ சொல்லித் தந்திருக்கிறேன். ஏழு வருடச் சம்பளத்தில் சேர்த்ததை வைத்து ஒரு சின்னக் கார் வாங்க முடிவுசெய்தேன். அது நீலமாக இருக்க வேண்டும், என் பெயரில் இருக்க வேண்டும். வேறு நிபந்தனை இல்லை.

தினேஷ் எல்லாவற்றையும் சேகரிடமே விளக்கினார். "அண்ணே, காடிய ஓட்டிப் பாக்குறீங்களா?" இங்கே காடி என்றால் கார். "எனக்கு மோட்டார் சைக்கிள் லைசன் மட்டும்தான். அவங்கதான் ஓட்டுவாங்க," என்றார் சேகர். தினேஷ் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டு, இன்ஜினைப் பற்றி அவரிடம் தொடர்ந்தார்.

படிவம் வந்தபோது என் கடப்பிதழைப் புரட்டிப் பார்த்தார். "இந்தியாவா அக்கா? எங்க தாத்தாவோட அப்பாவும் இந்தியாதான். எந்த ஊருன்னு தெரியல. இந்த ஃபாரத்துல அடையாளக் கார்டுக்குப் பன்னெண்டு நம்பர் கேக்குது. உங்க பாஸ்போர்ட்ல அவ்ளோ இல்லையே. அண்ணே பேர்ல போட்டுருவோம், செனாங் லா." செனாங் என்றால் சுலபம். சேகரும், "யாரு பேர்ல இருந்தா என்னா? காடி ஓடுனா சரி," என்றார்.

"என் பேர்லதான் வேணும்," என்றேன்.

அவர்கள் இருவருக்கும் அது வீம்பாகத் தெரிந்திருக்கும். கல்யாணமான மறுமாதம், நான் இன்னும் அருப்புக்கோட்டையில் இருக்கையில், ரேஷன் கார்டில் என் பெயரை நீக்க அப்பா வட்ட வழங்கல் அலுவலகத்தில் ஒரு பகல் முழுக்க வரிசையில் நின்றார். மாலையில் வந்து, "உன் பேரை எடுத்தாச்சு தாயி," என்றார், பல்லைப் பிடுங்கிய மருத்துவரின் திருப்தியோடு. கணவரின் ஊரில் சேர்க்கத் தேவைப்படும் என்று அதற்கு ஒரு சான்றிதழும் வாங்கி வந்தார். கெடாவில் அதை வாங்கிக்கொள்ளும் அலுவலகம் எதுவும் இல்லை. இங்கே வீடு மாமனார் பெயரில், மின்கட்டண ரசீது சேகர் பெயரில், என் கைத்தொலைபேசி எண்கூட அவர் பெயரில். ஓர் ஊரில் அடித்துவிட்டார்கள், இன்னோர் ஊரில் எழுதவே இல்லை.

பிறகு மூன்று மாதம். எப்போது கேட்டாலும் தினேஷ், "நந்தி கால் பண்றேன் அக்கா," என்பார். 'நந்தி' மலாயில் 'பிறகு' என்று எனக்குத் தெரியும். ஆனாலும் காதில் விழும்போது சிவன் கோயில் நந்திதான் நினைவுக்கு வரும். அதைப்போலவே என் விண்ணப்பமும் அசையாமல் இருந்தது. ஒருமுறை கணினி வேலை செய்யவில்லை. ஒருமுறை அதிகாரி விடுப்பு. ஒருமுறை, குறைகிற எண்ணுக்குப் பூஜ்யம் போட்டுப் பார்க்கலாமா என்று என்னையே கேட்டார். நீலம் தீர்ந்துவிட்டதாகவும் சொன்னார். நிறத்தை விட்டுக்கொடுத்தேன். சேகர் ஒவ்வொரு முறையும் தலையில் கைவைத்தபடி என்னோடு வந்தார். ஒருநாளும் வராமல் இருக்கவில்லை.

கடைசியில் ஒரு சிவப்புக் கார் வந்தது. பதிவுச் சான்றில் உரிமையாளர் பெயர் 'கருப்பையா செல்வி'. கடப்பிதழில் அப்பா பெயர் குடும்பப் பெயராக, செல்வி என்ற என் பெயருக்கு முன்னால் இருக்கிறது. பார்த்ததை அப்படியே அடித்திருக்கிறார்கள். இங்கே முதலில் வருவதுதான் ஆளுடைய பெயர். "மாத்தலாம் அக்கா," என்றார் தினேஷ். "நந்தி..."

"வேணாம்," என்றேன்.

அன்று மாலை அப்பாவை அழைத்து, அவர் பெயரும் போட்டு இங்கே ஒரு கார் வந்திருப்பதைச் சொன்னேன். "எனக்குச் சைக்கிளுக்கு மேல ஓட்டத் தெரியாதே தாயி," என்றார். பிறகு, "மழையில நனையாம போறியா?" என்றார்.

இப்போது பள்ளிக்கு நானே ஓட்டிப் போகிறேன். போன வாரம் முதல் சர்வீசுக்கு விட்டிருந்தேன். காத்திருப்பவர்களுக்கு நடுவே வந்து நின்று மலாய்ப் பெண் ஒருத்தி தாளைப் பார்த்து உரக்கக் கூப்பிட்டாள்: "என்சேக் கருப்பையா?" திரு. கருப்பையா. யாரும் எழவில்லை. அவள் அங்கிருந்த ஆண்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். நான் கையை உயர்த்தி, எழுந்து போய்ச் சாவியை வாங்கிக்கொண்டேன்.