இன்டர்வியூ எனக்கு, பதில் சொன்னது அம்மா

இன்று காலை எனக்கு ஆன்லைனில் இன்டர்வியூ. உயிரணுக்களை வளர்த்து மருந்து தயாரிக்கும் ஆய்வகத்தில், பி.எஸ்சி. மாணவர்களுக்கு இரண்டு மாதக் கோடைப் பயிற்சி. பேசக் கொடுத்ததே பதினைந்து நிமிடம்.

இரண்டாவது கேள்வியில் எங்கள் வலியசாலைப் பகுதி முழுக்கக் கரண்ட் போனது. பதறிப்போய் போனில் மறுபடி சேர்ந்தேன்.

"இந்த மருந்தையெல்லாம் எதுக்கு ஃப்ரிட்ஜில் வைக்கணும்?" என்றார் பேராசிரியர்.

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா வந்துவிட்டாள். மூட்டுவாதத்துக்கு இதே வகை மருந்தை இரண்டு வாரத்துக்கொரு முறை ஊசியாகப் போட்டுக்கொள்பவள்.

"ஏண்டி, கரண்ட் போயாச்சு. என் ஊசியை ஐஸ் பெட்டிக்கு மாத்தணும், சித்த எழுந்து வா!"

மைக் ஆனில் இருந்தது.

"அம்மையா அது? நான் ஒண்ணு பேசட்டே," என்றார் அவர். மலையாளி.

அம்மா போனை வாங்கிக்கொண்டாள். "சூடு படப்படாது சார், உறையவும் படாது. உறைஞ்சா மருந்து கெட்டுப்போயிடும். அதனால ஐஸ்மேல நேரா வைக்காம துணி சுத்தி வைப்பேன்."

"கரெக்ட்! பக்ஷே பிள்ளைங்க இதைத்தான் மறக்கும்."

பிறகு வலி குறைந்ததா, கரண்டி பிடிக்க முடிகிறதா என்று எட்டு நிமிட விசாரிப்பு. எனக்குக் கிடைத்தது ஒரே வாக்கியம்: "டைம் ஆயி. மெயில் வரும், கேட்டோ."

நான் விண்ணப்பித்ததே அந்த ஊசியால்தான். அதைச் சொல்லக்கூட விடவில்லை.

"நன்னாத்தானேடி பேசினேன்?" என்கிறாள் அம்மா.

இடம் கிடைத்தால் கடிதம் யார் பெயருக்கு வரும் என்று நினைக்கிறீர்கள்?